ஜுல்பாரின் மாலுமி: தூர்ந்த துறைமுகமும் துரோகி என்ற பழியும்

வளைகுடா நாடுகள் என்றதும் எமது நினைவுக்கு வருபவை எண்ணெய்க் கிணறுகளும் வானளாவிய கட்டடங்களும் ஒப்பந்தத் தொழிலாளரின் வியர்வையுமே. எமது குடும்பங்களிற் பலவற்றில் துபாயிலோ தோஹாவிலோ குவைத்திலோ உழைத்த ஒருவரேனும் இருப்பார். வேறு பலருக்கு அந்நாடுகள், மேற்கு நோக்கிய பயணத்தின் நடுவே கடவுச்சீட்டைக் கையிற் பிடித்தபடி காத்திருந்த விமான நிலையங்கள் மட்டுமே. எண்ணெய் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் அக்கரையில் முத்துக்குளித்தும் பேரீச்சை வளர்த்தும் பாய்க்கப்பல் செலுத்தியும் ஒரு மக்கள் வாழ்ந்தனர். அம்மக்களிடையே தோன்றி, இந்து சமுத்திரம் முழுவதையும் தன் மனத்துள் வைத்திருந்த ஒரு மாலுமியின் வாழ்வையும், அவரது துறைமுகம் எழுந்து வீழ்ந்த கதையையும் இன்று எமது வாசகர்களுக்குத் தருகின்றோம்.

அவர் பெயர் அஹமது இப்னு மாஜித். ஊர் ஜுல்பார். ஊர் இன்று மணல்மேடாகிக் கிடக்கின்றது. பெயரோ இரு விதமாக நிலைத்துவிட்டது. கடற்கலையின் பேராசான் என்ற புகழ் ஒருபுறம். வாஸ்கொடகாமாவுக்கு வழிகாட்டி அந்நியரை ஆசியாவுக்குள் அழைத்துவந்த துரோகி என்ற பழி மறுபுறம். ஐந்து நூற்றாண்டுகளாகியும் இவ்வழக்கு முடிந்தபாடில்லை.

ஆறில்லா நாட்டின் களப்பு

ஐக்கிய அரபு இராச்சியத்தின் வடபகுதியில், துபாயிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில் ராஸ் அல் கைமா நகரம் அமைந்துள்ளது. அந்நாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் கிடையாது. மலையில் மழை பெய்யும்போது மட்டும் பெருக்கெடுத்து, ஓரிரு நாட்களில் வறண்டுபோகும் காட்டாறுகளே உண்டு. அவற்றுள் ஒன்றான வாதி பீஹ், ஹஜர் மலைத்தொடரிலிருந்து கல்லையும் வண்டலையும் கொண்டுவந்து கரையோரச் சமவெளியிற் கொட்டியது. அவ்வண்டல் நிலத்திலும் நிலத்தடி நீரிலும் பேரீச்சந் தோப்புகள் செழித்தன. தோப்புகளுக்கும் கடலுக்கும் இடையே ஒரு களப்பு. களப்புக்கு அப்பால் அலைகளைத் தடுத்து நிற்கும் மணற்றிட்டு. குடிநீரும் உணவும் பாதுகாப்பான நங்கூரத் தரிப்பிடமும் ஓரிடத்தில் அமைவது அக்கரையில் அரிது. ஜுல்பாரின் எழுச்சிக்கு இதுவே காரணம்.

முதலில் மக்கள் குடியிருந்தது களப்பின் உட்கரையிலாகும். குஷ் என்று இன்று அழைக்கப்படும் மண்மேட்டில் ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்து குடியிருப்பு இருந்ததை அகழாய்வுகள் காட்டியுள்ளன. காலம் செல்லச் செல்லக் களப்பு தூர்ந்தது. மரக்கலங்கள் உட்கரையை அடைய இயலாமற் போயின. எனவே 14ஆம் நூற்றாண்டில் மக்கள் கடலை நோக்கி நகர்ந்து, மணற்றிட்டின் மீது, இன்று அல் மதாப், அல் நுதூத் என வழங்கும் இடங்களிற் புதிய ஊரை அமைத்தனர்.

இக்கதை எமக்குப் புதியதன்று. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை, பொருநையாறு கொணர்ந்த வண்டலால் கடலை விட்டு விலகிப்போனது. வணிகம் பழைய காயலுக்கு நகர்ந்தது. பின்னர் காயலும் தூர்ந்து, தூத்துக்குடி தலையெடுத்தது. கடல் விலகிச் செல்ல, மனிதர் அதனைத் துரத்திச் செல்வதே சிறு துறைமுகங்களின் தலைவிதி போலும். கொற்கையைப் போலவே ஜுல்பாரும் முத்தாற் பெயர்பெற்றது என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. 12ஆம் நூற்றாண்டுப் புவியியலாளர் அல் இத்ரீசி அவ்வூரின் முத்துக்குளிப்பைத் தமது நூலிற் பதிவு செய்துள்ளார்.

1980களிலும் 1990களிலும் பிரித்தானிய, பிரெஞ்சு, யப்பானிய, ஜேர்மன் ஆய்வுக் குழுக்கள் அங்கு அகழாய்வு செய்தன. மணலின் அடிப்பகுதியில் ஓலைக்குடிசைகளின் தடயங்களும், அவற்றின் மேலே மண்கல் வீடுகளும், அதற்கும் மேலே தெருக்களுடன் கூடிய கல் வீடுகளும் வெளிப்பட்டன. ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பள்ளிவாசல்கள் கட்டப்பட்டிருந்தன. ஊர் பெருகப் பெருகப் பள்ளிவாசலும் பெரிதாகியது. சீனத்துப் பீங்கான் ஓடுகளும் தென்கிழக்காசிய மட்பாண்ட ஓடுகளும் அங்கு கிடைத்தன. சீனப் பீங்கானில் உணவருந்தும் அளவுக்கு அம்மணற்றிட்டுக்கு வளம் கொழித்த காலம் 15ஆம் நூற்றாண்டு. இப்னு மாஜித் வாழ்ந்த காலமும் அதுவே.

மாலுமியின் மைந்தன்

அவர் 1430களிற் பிறந்தவர் என்பது ஆய்வாளர் கணிப்பு. நஜ்த் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். பாட்டனாரும் தந்தையாரும் முஅல்லிம் எனப்பட்ட கப்பல் வழிகாட்டிகள். எமது மொழியில் நாம் நாள்தோறும் பயன்படுத்தும் மாலுமி என்ற சொல், அரபு மொழியின் முஅல்லிம் என்பதிலிருந்தே வந்தது. ஆசிரியர் என்பதே அதன் மூலப்பொருள். கப்பலைச் செலுத்துபவனை ஆசிரியன் என்றழைத்த ஒரு சமூகத்தின் சொல்லை, அவர்களோடு கடலிற் பழகிய எமது முன்னோர் அப்படியே வாங்கிக்கொண்டனர்.

பாட்டனாரும் தந்தையாரும் செங்கடல் வழியில் வல்லவர்கள். பவளப்பாறைகள் நிறைந்த அக்குறுகிய கடலிற் கப்பலைச் செலுத்துவது உயிரைப் பணயம் வைக்கும் தொழில். தந்தையார் அவ்வழியை ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிகள் கொண்ட செய்யுளாகப் பாடி வைத்திருந்தார். மைந்தர் அதனை மனனம் செய்தார். ஆனால் மனனத்தோடு நிற்கவில்லை. தாமே அக்கடலிற் பயணம் செய்து, தந்தையாரின் அளவுகளைச் சோதித்து, பிழை கண்ட இடங்களைத் திருத்தினார்.

இக்குணம் அவருடைய வாழ்நாள் முழுவதும் மாறவில்லை. அவருக்கு முன்னர் கடல்நூல் எழுதிய மூவர் சிங்கங்கள் எனப் போற்றப்பட்டனர். அவர்களுக்கு உரிய மரியாதையைச் செலுத்திய இப்னு மாஜித், அவர்கள் பிறர் சொன்னதைத் தொகுத்தார்களேயன்றித் தாமே சென்று கண்டறிந்தது குறைவு என்பதையும் எழுதத் தயங்கவில்லை. தம்மை நான்காம் சிங்கமாக அவர் கூறிக்கொண்டதில் தற்பெருமை உண்டு. ஆயினும் அத்தற்பெருமைக்குப் பின்னால் பல பத்தாண்டுகளின் கடற்பயண அனுபவம் இருந்தது.

1462இல், ஏறத்தாழ முப்பது வயதில், கடற்கலையின் அடிப்படைகளை விளக்கும் ஹாவியா என்ற நெடும்பாடலை முடித்தார். அந்நூல் ஜுல்பாரிலேயே நிறைவெய்தியது. 1490ஆம் ஆண்டளவில் அவரது பெருநூலான கிதாப் அல் பவாயித் உருவானது. பன்னிரண்டு பகுதிகள் கொண்ட இவ்வுரைநடை நூல், சந்திரனின் நட்சத்திர மண்டலங்கள், திசைகாட்டியின் பிரிவுகள், கடல்வழிகள், கரையோரக் குறிகள், பருவக்காற்றுகள், பெருந்தீவுகள், செங்கடல் எனப் பலவற்றையும் ஆராய்கின்றது. அவர் விரித்துரைக்கும் பத்துப் பெருந்தீவுகளுள் இலங்கையும் ஒன்று. ஏறத்தாழ நாற்பது நூல்கள் அவர் பெயரால் எஞ்சியுள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை செய்யுள்கள். நள்ளிரவில் அலைக்கழியும் கப்பலில் ஏட்டைப் புரட்ட இயலாது. மனத்தில் நிற்கும் பாட்டே மாலுமிக்கு உதவும்.

விரலும் சாமமும்

அக்கால மாலுமிகள் நடுக்கடலில் தாம் நிற்கும் இடத்தை எவ்வாறு அறிந்தனர்? ஒரு சிறு மரப்பலகை. அதன் நடுவே முடிச்சுகள் இடப்பட்ட கயிறு. கயிற்றைப் பல்லிற் கடித்து, பலகையைக் கண்ணுக்கு முன்னே நீட்டிப் பிடிக்க வேண்டும். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடும்போது, எந்த முடிச்சு பல்லிடையே உள்ளதோ அதுவே அவ்விடத்தின் அளவு. கப்பல் வடக்கே செல்லச் செல்ல நட்சத்திரம் உயரும். தெற்கே வர வரத் தாழும். போக வேண்டிய துறைமுகத்தின் அளவு கிடைக்கும் வரை வடக்கிலோ தெற்கிலோ சென்று, பின்னர் அவ்வளவை மாறாது காத்துக் கிழக்காகவோ மேற்காகவோ ஓடினால் துறைமுகம் தானாக முன்னே தோன்றும். சோழமண்டலக் கரையின் மாலுமிகளும் இக்கருவியைக் கையாண்டனர். இராப்பலகை என்பது அதன் தமிழ்ப் பெயர்.

நட்சத்திர உயரத்தின் அலகு விரல். வானவட்டம் 224 விரல்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு விரல் இன்றைய கணக்கில் ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேல். தூரத்தின் அலகு ஸாம். அதாவது மூன்று மணித்தியாலம் பாய்விரித்து ஓடும் தூரம். ஒரு நாளை எட்டாகப் பகுத்து மூன்று மணித்தியாலத்தைச் சாமம் என்று வழங்கிய தமிழருக்கு இவ்வலகு அந்நியமானதன்று. அரபு மாலுமி நூல்கள் சோழமண்டலக் கரையைச் சூலியான் என்ற பெயராற் குறிக்கின்றன. கடல் எவருக்கும் தனியுடைமையாக இருக்கவில்லை. அரபியர், பாரசீகர், குஜராத்தியர், தமிழர் எனப் பலரும் கண்டறிந்தவை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறின.

எல்லாவற்றிலும் முதன்மையானது காற்றின் காலம். வாடைக்காற்றும் சோழகக்காற்றும் எமது கரையோர மக்கள் குழந்தைப் பருவத்திலேயே அறிந்தவை. இப்னு மாஜித்தின் நூல், எத்துறைமுகத்திலிருந்து எந்நாளிற் புறப்பட வேண்டும், எந்நாளுக்குப் பின்னர் புறப்படலாகாது என்பதை வகுத்துச் சொல்கின்றது. சோழகம் மூர்க்கம் கொள்ளும் ஆனி, ஆடி மாதங்களில் இந்தியாவின் மேற்குக்கரைத் துறைமுகங்கள் மூடப்படும். அந்நாட்காட்டியை மீறியவர் பலர் கரையேறவில்லை.

மாலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு

1498 ஏப்ரல் 24ஆம் நாள், இன்றைய கென்யாவிலுள்ள மாலிந்தித் துறைமுகத்திலிருந்து வாஸ்கொடகாமாவின் கப்பல்கள் புறப்பட்டன. அவ்வூர் மன்னர் கொடுத்த வழிகாட்டி ஒருவர் கப்பலில் இருந்தார். மே 20ஆம் நாள் அவை கள்ளிக்கோட்டைக் கரையை அடைந்தன. நான்கு வாரங்களுக்குள் முடிந்த பயணம் அது. திரும்பும்போது போர்த்துக்கேயர் பருவத்தை மதியாது புறப்பட்டனர். அஞ்சதீவிலிருந்து ஒக்ரோபர் தொடக்கத்தில் விலகிய கப்பல்கள் ஆபிரிக்கக் கரையைக் காண 1499 ஜனவரி ஆகிவிட்டது. மூன்று மாத காலத்தில் மாலுமிகள் பலர் நோயால் மடிந்தனர். வழியறிந்த ஒருவரின் பெறுமதி எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவ்வழிகாட்டி யார்? போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் பரோஸ், அவரைக் குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்கின்றார். பெயரை மாலமோ கானா என்று எழுதுகின்றார். மாலமோ என்பது முஅல்லிம் என்பதன் திரிபு. பிற போர்த்துக்கேயப் பதிவுகள் கனாக்கா என்று தரும் பின்பகுதி, கணிப்பவர் எனப் பொருள்படும் கணக என்ற வடசொல்லாகும். ஆக, அது ஒரு மனிதரின் இயற்பெயரன்று, தொழிற்பெயரே. கப்பலிற் சென்ற ஒருவர் எழுதிய நாட்குறிப்போ வழிகாட்டியைக் கிறிஸ்தவர் என்று கூறுகின்றது. இப்னு மாஜித்தின் பெயர் இவற்றுள் எதிலும் இல்லை.

அப்பெயர் முதன்முதலில் இக்கதையில் நுழைவது, நிகழ்வு நடந்து ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னராகும். மக்காவில் வாழ்ந்த குத்புதீன் அல் நஹ்ரவாலி, யெமன் நாட்டை ஒட்டோமானியர் கைப்பற்றிய வரலாற்றை எழுதும்போது, பரங்கியருக்கு வழிகாட்டியவர் இப்னு மாஜித் என்றும், மதுபோதையில் அவர் வழியைச் சொல்லிவிட்டார் என்றும் குறித்தார். அதற்குள் இப்னு மாஜித் மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. அவரது இறுதிக் கவிதைகள் 1500ஆம் ஆண்டை ஒட்டியவை. அதன் பின்னர் அவரது குரல் கேட்கவில்லை.

1920களில் பிரெஞ்சு அறிஞர் கபிரியேல் பெரான், பாரிஸ் தேசிய நூலகத்திலிருந்த இப்னு மாஜித்தின் கையெழுத்துப் பிரதிகளை வெளியிட்டு அவரை உலகறியச் செய்தார். அதேவேளை நஹ்ரவாலியின் கூற்றையும் ஏற்று, காமாவின் வழிகாட்டி இவரே என்று எழுதினார். பெரும் புகழும் பெரும் பழியும் ஒரே கையால் வழங்கப்பட்டன. அதன் பின்னர் பாடநூல்கள் அதனை முடிந்த முடிபாகவே எழுதின.

பின்வந்த ஆய்வாளர் பலர் இதனை ஏற்கவில்லை. ஆங்கிலத்தில் இப்னு மாஜித்தின் பெருநூலை 1971இல் மொழிபெயர்த்து வெளியிட்ட திபெற்ஸ் என்பவரும் ஐயமே கொண்டார். ஷார்ஜாவின் ஆட்சியாளரும் வரலாற்றாய்வாளருமான ஷேக் சுல்தான் பின் முகமது அல் காசிமி, இப்பழி பொருந்தாதென வாதிட்டு ஒரு தனிநூலே எழுதியுள்ளார்.

தந்தையார் சொன்ன அளவைக்கூடத் தாமே சோதித்த பின்னரே ஏற்ற ஒருவர், சோதிக்கப்படாத ஒரு செவிவழிச் செய்தியால் தீர்ப்பளிக்கப்பட்டுள்ளார். இதுவே இவ்வாழ்க்கையின் பெருங்கொடுமை என்போம். கடலில் அவர் வகுத்த ஒழுங்கு எளிமையானது: கண்டவன் சொன்னதா, கேட்டவன் சொன்னதா என்று முதலில் வினவு. அவ்வொழுங்கை அவரது பெயருக்கு எவரும் பிரயோகிக்கவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். வழிகாட்டியது எவராயினும், மாலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்குச் செல்லும் வழி இரகசியம் அன்று. ஆண்டுதோறும் எத்தனையோ மரக்கலங்கள் சென்றுவந்த பெருவழி அது. ஒரு மனிதர் வாய் திறவாதிருந்தால் ஐரோப்பியர் வந்திரார் என நம்புவது, ஒரு யுகத்தின் வீழ்ச்சிக்குரிய பாரத்தை ஒற்றை மனிதரின் தோளில் ஏற்றி, மற்றையோர் தப்பித்துக்கொள்ளும் வழியாகும்.

ஜுல்பாரின் வீழ்ச்சி

ஊரின் முடிவு ஒரே நாளில் வந்ததன்று. ஜுல்பார், ஹோர்முஸ் தீவு அரசின் வணிக வலையில் ஓர் இழை. 1507இல் அல்புகேர்க் ஹோர்முஸைத் தாக்கினார். 1515இல் அத்தீவு முற்றாகப் போர்த்துக்கேயர் பிடிக்குள் வந்தது. அதே காலத்தில் அப்பகுதியைப் பற்றி எழுதிய துவார்த்தே பார்போசா, ஜுல்பாரில் செல்வந்த வணிகரும் பெரும் முத்துக்குளிப்பும் இருந்ததைக் குறிக்கின்றார். எனினும் சுங்கமும் கடற்பாதையும் அந்நியர் கைக்கு மாறிவிட்டன. மணற்றிட்டின் கல் வீடுகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. களப்பும் தொடர்ந்து தூர்ந்துகொண்டிருந்தது.

1622இல் பாரசீகரும் ஆங்கிலேயரும் இணைந்து ஹோர்முஸைக் கைப்பற்றியதும் அப்பழைய வணிக வலையே அறுந்தது. 1633இல் ஓமானின் யாரிபா இமாம் நாசிர் பின் முர்ஷித்தின் படைகள் ஜுல்பாரிலிருந்து போர்த்துக்கேயரை வெளியேற்றின. அப்போது விடுவிக்கப்பட்டது பழைய செழிப்பான ஊரின் நிழல் மாத்திரமே. மக்கள் மேலும் தெற்கே, இன்னொரு கழிமுகத்தின் நாவில், கூடாரமுனை எனப் பொருள்படும் ராஸ் அல் கைமாவிற் குடியேறினர். ஜுல்பார் என்ற பெயர் சிறிது காலம் வழங்கிப் பின்னர் மறைந்தது. 1819இல் பிரித்தானியக் கப்பற்படை ராஸ் அல் கைமாவைத் தாக்கி அழித்தது. அடுத்த ஆண்டே கரையோர ஷேக்குகள் பிரித்தானியருடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். 1972 பெப்ரவரியில் ராஸ் அல் கைமா ஐக்கிய அரபு இராச்சியத்துடன் இணைந்தது.

பெயரைக் காத்தவர்கள்

ஊர் அழிந்த பின்னரும் அறிவு அழியாமல் நின்றது எவ்வாறு? அதனைக் காத்தவருட் சிலரும் எம்மைப் போலவே ஊரிழந்து அலைந்தவர்கள் என்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக.

ஒட்டோமானியக் கடற்படைத் தளபதி சிதி அலி ரெயிஸ், 1554இல் புயலிற் சிக்கிக் கப்பற்படையை இழந்து குஜராத்தில் ஒதுங்கினார். ஊர் திரும்ப வழியற்று அஹமதாபாத்திற் தங்கியிருந்த காலத்தில், இப்னு மாஜித்தின் நூல்களைக் கொண்டு துருக்கிய மொழியில் ஒரு கடல்நூலை இயற்றினார். பின்னர் தரைவழியே இந்தியாவையும் ஆப்கானிஸ்தானையும் பாரசீகத்தையும் கடந்து 1557இல் நாடு சேர்ந்தார். பிற்காலத்தில், 1854இல் ஏடன் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஆங்கிலப் பயணி ரிச்சர்ட் பேர்ட்டன், மாலுமிகள் ஷேக் மாஜித்தின் பெயரால் பாத்திஹா ஓதியதைக் குறித்துவைத்தார். திசைகாட்டியைக் கண்டுபிடித்தவர் அவரே என்பது அவர்களின் நம்பிக்கை. அது உண்மையன்று. எனினும் நூலறியாத எளிய கடலோடிகளின் நாவில் அவர் துரோகியாக அல்ல, காவலராகவே வாழ்ந்தார்.

மூன்றாமவர் தியோடர் ஷுமோவ்ஸ்கி. லெனின்கிராட்டில் அரபு மொழி பயின்ற மாணவர். அங்கிருந்த கையெழுத்துப் பிரதியொன்றில் இப்னு மாஜித்தின் மூன்று கடற்பாடல்கள் இருந்தன. அவற்றை ஆராயத் தொடங்கினார். 1938இல் அவர் கைது செய்யப்பட்டார். சிறை முகாம்களிலும் நாட்டின் ஒதுக்குப்புறங்களிலும் பல ஆண்டுகள் கழிந்தன. விடுதலை பெற்று மீண்டு, 1957இல் அம்மூன்று பாடல்களையும் அச்சேற்றினார். சிறை தின்ற ஆண்டுகளைக் கடந்தும் அவர் அந்த ஜுல்பார் மாலுமியைக் கைவிடவில்லை.

எமது கரையிலும் இத்தகைய சிறு துறைமுகங்கள் இருந்தன. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அவ்வூர்க் கடலோடிகளால் செலுத்தப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்ததை எமது முதியோர் பெருமையோடு கூறுவர். அக்கடலோடிகள் எந்த நட்சத்திரத்தைப் பார்த்தனர், எக்காற்றுக்கு எப்பாயை விரித்தனர், கப்பல் கட்ட எம்மரத்தை எங்கிருந்து கொணர்ந்தனர் என்பவற்றை அறிந்த கடைசித் தலைமுறை எம்மைவிட்டுச் சென்றுகொண்டிருக்கின்றது. இப்னு மாஜித் தமது முப்பதாவது வயதிலேயே எழுதத் தொடங்கினார். தமது ஊர் அழியும் என்று அறிந்து எழுதவில்லை. அறிந்ததை எழுதுவது மாலுமியின் கடமை என்று எண்ணியே எழுதினார்.

அவர் எழுதியவை இருந்தமையாலேயே, ஐந்நூறு ஆண்டுகளின் பின்னரும் அவர் சார்பில் வழக்குரைக்க ஆய்வாளர்களால் இயல்கின்றது. எழுதாது மறைந்தவர்களைப் பற்றிப் பிறர் சொன்னதே எஞ்சும். புலம்பெயர்ந்த எமது சமூகத்தில் துரோகி என்ற சொல் எத்துணை எளிதாக வீசப்படுகின்றது என்பதை வாசகர்கள் அறிவர். அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம், கயிற்றைப் பல்லிற் கடித்து நட்சத்திரத்தை அளந்த அம்மாலுமியின் வினாவை நாமும் எழுப்புவது நன்று: சொன்னவர் கண்டவரா, கேட்டவரா?